இரண்டு கிலோ ஈயம்

பேட்டிக்கு வருகிறவர்கள் எல்லோரும் பம்பரத்திடம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். பந்தயக் கார் ஓட்டக் கை முக்கியமா, கால் முக்கியமா? கழுத்து என்பான் அவன். பொய்யில்லை. மனிதத் தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்தால் ஏழு கிலோ. வேகமான வளைவில் அந்த ஏழு கிலோ இருபத்தைந்தாகிப் பக்கவாட்டில் இழுக்கும். ஒரு பந்தயத்தில் அப்படி ஐந்நூறு வளைவுகள். கழுத்து தாங்கினால்தான் கண் பார்க்கும், கண் பார்த்தால்தான் கைக்கு வேலை.

இதே கேள்வியை அவனுடைய அக்காவிடம் கேட்டால் பதில் ஒரே சொல்லில் வரும். எடை.

ஒன்பது வயதில், ஒரு சின்ன கார்ட் வண்டியில் ஏறி ஓட்டிய முதல் பந்தயத்தில் அவன் மூன்று முறை சுழன்று, மூன்று முறையும் பின்பக்கமாகப் பார்த்துக்கொண்டு நின்று, கடைசியாக வந்து சேர்ந்தான். அந்த இடத்தில் டயர் மாட்டிக்கொண்டிருந்தவர் வைத்த பெயர்தான் பம்பரம். பிறகு அவன் சுழல்வதை விட்டான், பெயர் அவனை விடவில்லை. இருபத்தொன்பது வருடங்களில் எத்தனையோ தடங்கள், ஒரு காலர் எலும்பு முறிவு, இரண்டு சாம்பியன் பட்டங்கள். அப்பா பஸ் டிரைவர். முப்பத்துநான்கு வருட சர்வீசில் இன்னொரு பஸ்ஸை முந்தியதே இல்லை என்பது அவருடைய பெருமை. மகன் யாரைக் கொண்டு பிறந்தான் என்று அம்மா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

நான்கு வயது மூத்த அக்கா அந்த முதல் பந்தயத்திலேயே கையில் ஸ்டாப்வாட்சோடு நின்றவள். பின்னால் பொறியியல் படித்து, அவன் ஓட்டும் அணியிலேயே அவனுக்குப் பொறியாளராக வந்து சேர்ந்தாள். தடத்தை ஒட்டிய சுவரோரம், ஐந்து திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். பந்தயம் முழுக்க அவன் காதில் கேட்கிற ஒரே குரல் அவளுடையது. அணியில் முகத்துக்கு நேரே எல்லோரும் மேடம் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் பெயர், தராசு.

அந்தப் பெயருக்குக் காரணம் உண்டு. பந்தயம் முடிந்ததும் காரை ஓட்டுநரோடும், மிச்சம் இருக்கிற பெட்ரோலோடும், அப்படியே எடை மேடையில் ஏற்றுவார்கள். எண்ணூறு கிலோ இருக்க வேண்டும். நூறு கிராம் குறைந்தாலும் முடிவு செல்லாது. இப்படி ஒரு விதி இல்லாவிட்டால் ஒவ்வொரு அணியும் ஓட்டுநரைப் பட்டினி போட்டு, இரும்பைத் தகடாகச் சீவி, கடைசியில் யார் கார் முதலில் உடையும் என்பதுதான் பந்தயமாக இருக்கும்.

எடை கூடினால் தண்டனை கிடையாது, ஆனால் நஷ்டம் உண்டு. ஒரு கிலோ கூடினால் ஒரு சுற்றுக்கு நூறில் மூன்று விநாடி போய்விடும். ஐம்பது சுற்றில் அது ஒன்றரை விநாடி. அதனால் எல்லா அணியும் காரை முதலில் எண்ணூறுக்குக் கீழேயே கட்டும். குறைகிற எடைக்குத் தட்டையான ஈயப் பலகைகளை அடித்தளத்தில் போல்ட் போட்டு இறுக்கும். அடியில் மணல் போட்ட குப்பி எளிதில் சாயாது அல்லவா, அதே சூத்திரம்தான். பாரம் எவ்வளவு கீழே இருக்கிறதோ, வளைவில் கார் அவ்வளவு தரையைப் பிடித்துக்கொள்ளும். எத்தனை பலகை என்பதைப் பந்தய நாள் காலையில் தம்பியை எடை போட்ட பிறகுதான் அக்கா முடிவு செய்வாள். பெட்ரோல் எவ்வளவு எரியும், டயர் எவ்வளவு தேயும், அவன் எவ்வளவு வியர்ப்பான் எல்லாவற்றையும் கழித்து, எண்ணூறுக்கு மேல் அரைக் கிலோ வைப்பாள். மற்ற அணிகளில் இரண்டு கிலோ வைப்பார்கள்.

போன சீசனில் பம்பரம் தானாகவே எடையைக் குறைக்கிறேன் என்று வயிற்றைக் காயப்போட்டு, ஒரு பந்தயத்தில் மூன்றாவதாக வந்து, பரிசு மேடையின் படியிலேயே வெட்டிய மரம்போல் விழுந்தான். அன்றிலிருந்து அணியின் டாக்டர் ஒரு கோடு கிழித்துவிட்டார். பந்தயக் காலையில் அறுபத்தேழு கிலோவுக்குக் கீழே இருந்தால் சீட் கிடையாது. மாற்று ஓட்டுநர் ஏறிக்கொள்வான். அந்த மாற்று ஓட்டுநருக்கு இருபத்திரண்டு வயது. தினமும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து, எல்லோரையும் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பான். பம்பரத்துக்கு அந்தச் சிரிப்பைக் கண்டாலே ஆகாது.

இந்த சீசனின் கடைசிப் பந்தயத்துக்கு மூன்று நாள் முன்பு பம்பரத்தின் வயிறு கெட்டது. யாரிடமும் சொல்லாமல் ஹோட்டல் அறையில் வெந்நீரும் ரொட்டித்துண்டுமாகக் கிடந்தான். அக்கா போன் செய்தபோதெல்லாம் கழுத்துக்குப் பயிற்சி செய்கிறேன் என்றான். முந்தின நாள் மாலை அறையிலிருந்த எடை மெஷினில் ஏறிப் பார்த்தான். அறுபத்தைந்து கிலோ இருநூறு கிராம்.

அவனும், கொக்கு என்கிற அவனுடைய போட்டியாளனும் புள்ளிகளில் சரிக்குச் சரியாக நின்றார்கள். கொக்கு நீளக் கழுத்துக்காரன், பொறுமைசாலி. இருவரில் யார் முன்னால் வருகிறானோ அவனுக்கு சாம்பியன் பட்டம். பம்பரத்துக்கு முப்பத்தெட்டு வயது. அவனுடைய ஒப்பந்தம் இந்தப் பந்தயத்தோடு முடிகிறது. பட்டத்தோடு வந்தால் இன்னும் இரண்டு வருடம் ஓட்டலாம். வெறுங்கையோடு வந்தால் அந்தச் சிரிப்புக்காரன் உட்கார்ந்துகொள்வான். இதில் ஒளிவுமறைவு இல்லை, எல்லோருக்கும் தெரியும்.

ஆகவே அவன் டயர் கொட்டகைக்குப் போனான். எந்தச் சக்கரமும் சரிசமமாக அமையாது. எங்கோ ஒரு பக்கம் கொஞ்சம் கனம் தங்கிவிடும். வேகத்தில் அது காரையே உதறவைக்கும். அதனால் டயரை மாட்டிச் சுழற்றிப் பார்த்து, கனமான இடத்துக்கு நேர் எதிரே சின்ன ஈயத்துண்டை ஒட்டுவார்கள். துண்டு ஐம்பது கிராம், பின்னால் பசை. அதில் நாற்பதை எடுத்துவந்து, ஒரு துணி பெல்ட்டில் வரிசையாக ஒட்டி, மறுநாள் காலை நீளமான பனியனுக்கு அடியில் இடுப்பில் கட்டிக்கொண்டு மெஷினில் ஏறினான். அறுபத்தேழு கிலோ இருநூறு. டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

அக்கா எண்ணைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள்.

“கன்னம் ஏன்டா ஒட்டிக்கிடக்கு?”

“ஷேவ் பண்ணினேன்.”

அவள் பலகைக் கணக்கைப் போடப் போய்விட்டாள்.

பம்பரம் முட்டாள் இல்லை. பெல்ட்டைக் கட்டிக்கொண்டே ஓட்டினால் கூட்டல் கழித்தல் சரியாக வந்துவிடும் என்பதுவரை யோசித்துத்தான் வைத்திருந்தான். யோசிக்காமல் விட்டது கழிப்பறையை.

காரில் உட்கார்ந்து ஆறு வார்களை இறுக்கிவிட்டால் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு எழ முடியாது. அதனால் கடைசி நிமிடத்தில் எல்லா ஓட்டுநர்களும் கழிப்பறைக்குப் போவார்கள். பம்பரமும் போனான். தீப்பிடிக்காத உடை மூன்று அடுக்கு, அதற்கடியில் பெல்ட். எல்லாவற்றையும் கழற்றினால்தான் வேலை நடக்கும். பெல்ட்டைக் கதவின் கொக்கியில் மாட்டினான். வெளியே மேஸ்திரி கதவைத் தட்டி, நேரமாச்சு என்றார். அணியின் மெக்கானிக்குகளுக்கெல்லாம் தலைவர் அவர். அவர் குரலுக்கு எவனும் ஓடித்தான் ஆகவேண்டும். பம்பரமும் மூன்று அடுக்கையும் இழுத்து மாட்டிக்கொண்டு ஓடினான்.

பந்தயம் அருமையாகப் போனது. முதல் சுற்றிலேயே முன்னால் வந்துவிட்டான். முப்பதாவது சுற்றில் கொக்குவுக்கும் அவனுக்கும் ஒன்பது விநாடி இடைவெளி. உடம்பு இறகுபோல் இருந்தது. முப்பத்தோராவது சுற்றில் ஒரு கடுமையான இடது வளைவு. உடம்பு வலப்பக்கம் நசுங்கும், ஈயம் வலது இடுப்பைக் கடிக்க வேண்டும். கடிக்கவில்லை. இத்தனை நேரமும் கடிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கழிப்பறைக் கதவும் கொக்கியும் கண்முன்னே வந்து நின்றன.

மணிக்கு இருநூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் கணக்கு ஓடியது. அக்கா வைத்திருப்பது அரைக் கிலோ. போனது இரண்டு கிலோ. ஆக எண்ணூறுக்கு ஒன்றரைக் கிலோ குறைவு. குழாயில் வருகிற தண்ணீரைக் குடித்தால்? பயனில்லை. பாட்டிலில் இருந்த தண்ணீர் வயிற்றுக்கு வரும், காரின் மொத்த எடை அதேதான். வியர்வை துணியில் நின்றால் எடையில் சேரும், காற்றில் போனால்தான் நஷ்டம். வியர்க்காமல் இருக்க வேண்டும் என்று நினைத்த அந்தக் கணத்தில் அவனுக்குக் குபீரென்று வியர்த்தது.

மிச்சம் பெட்ரோல்தான். பெட்ரோல் மீந்தால் அதுவும் எடை. லிட்டருக்கு முக்கால் கிலோ. பெட்ரோலை மிச்சம் பிடிக்க ஒரு வழி உண்டு. நேர்த்தடத்தின் முடிவில் பிரேக்கை மிதிக்கும் இடத்துக்கு ஐம்பது மீட்டர் முன்பே காலை எடுத்துவிட்டு, வண்டியைச் சும்மா உருளவிட வேண்டும். அந்த ஐம்பது மீட்டருக்கு எஞ்சின் ஒரு சொட்டும் குடிக்காது. ஆனால் நேரம் போகும்.

அவன் அதைத்தான் செய்தான். இடைவெளி ஏழானது, ஐந்தரையானது. வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்த அப்பா, இப்பதான் ஒழுங்கா ஓட்டறான் என்று சொன்னாராம். ஆனால் அக்காவின் திரையில் அவன் கால் எப்போது எழுகிறது, எப்போது அமுங்குகிறது என்பதெல்லாம் கோடுகளாக விழும்.

“சீக்கிரமே காலை எடுக்கற. கார்ல ஏதாவது கோளாறா?”

இல்லை என்றான். அப்புறம் என்ன என்றாள். ஒன்றும் இல்லை என்றான். கொக்கு இன்னும் ஆறு சுற்றில் பிடித்துவிடுவான் என்றாள்.

உண்மையைச் சொல்வதில் ஒரு சிக்கல் இருந்தது. இந்தப் பந்தயங்களில் அணிகள் ரேடியோவில் பேசுவது ரகசியம் இல்லை. அதிகாரிகள் கேட்பார்கள், எதிரணி கேட்கும், சுவையாக இருந்தால் டிவியிலும் போடுவார்கள். இரண்டு முறை சாம்பியனான மனிதன் டாக்டரை ஏமாற்றியதை உலகத்துக்கே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஒன்று கொக்கு முந்துவான், இல்லாவிட்டால் எடை மேடை கவிழ்க்கும். ஒரு முழுச் சுற்று யோசித்தான்.

“அக்கா. காலையில எடை போட்டப்ப இடுப்புல ஈயம் கட்டியிருந்தேன். இப்ப அது இல்ல.”



“சத்தமா சொல்லு. எத்தனை துண்டு?”

“நாற்பது. அம்பது கிராம் துண்டு.”

“எதுக்கு மேல கட்டியிருந்த?”

“அதெல்லாம் எதுக்குக்கா இப்ப?”

“எதுக்கு மேல?”

“ஜட்டிக்கு மேல.”

“இப்ப எங்க இருக்கு?”

“கக்கூஸ் கதவுக் கொக்கியில.”

டிவி வர்ணனையாளர்கள் இருவரும் தொழிலை மறந்து சிரித்ததாகப் பிறகு சொன்னார்கள். வீட்டில் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். மேஸ்திரி ஓடிப்போய் பெல்ட்டை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு வந்தார். அக்கா அதை மெஷினில் போட்டாள்.

“ரெண்டு கிலோ பத்து கிராம்” என்றாள். குரல் உடைந்திருந்தது. “ஒன்றரைக் கிலோவுக்கு மேல குறையுது. இதை ஒண்ணும் பண்ண முடியாதுடா. முடிஞ்சுதுன்னு வெச்சுக்கோ. வண்டியை உடைக்காம கொண்டுவந்து சேரு.”

இருபத்தொன்பது வருடத்தில் அவள் குரல் உடைந்து அவன் கேட்டதில்லை.  கொக்கு நான்கு விநாடியில் இருந்தான். அடுத்த சுற்றில் பம்பரம் கண்ணாடியைப் பார்த்தான். அதே தூரம். அதற்கடுத்த சுற்றிலும் அப்படியே. கொக்கு நெருங்குவதை நிறுத்திவிட்டிருந்தான்.

கொக்குவின் அணியும் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தங்கள் கணக்கைப் போட்டிருந்தது. முன்னால் போகிறவனை எடை மேடை தானாகவே தள்ளிவிடும். இரண்டாவதாக வந்தாலே பட்டம் நமக்கு. எதற்காகத் துரத்தி, டயரைத் தேய்த்து, ஆபத்தை விலைக்கு வாங்க வேண்டும்? சும்மா பின்னாலேயே போ என்று கொக்குவிடம் சொல்லிவிட்டார்கள்.

நேர்த்தடத்தில் அணிச்சுவரைத் தாண்டும்போது பம்பரத்தின் கண்ணில் ஒரு பலகை பட்டது. ரேடியோ வருவதற்கு முன்பெல்லாம் சுவருக்கு மேலே பலகையில் எழுதித்தான் ஓட்டுநருக்குச் சேதி சொல்வார்கள். இன்றும் ஒப்புக்கு ஒன்று இருக்கும், யாரும் அதைப் பார்ப்பதில்லை. மேஸ்திரி அதைத் தூக்கிப் பிடித்திருந்தார். அவன் தாண்டியதுமே இறக்கிவிட்டார். அதில் அக்காவின் கையெழுத்தில் இருந்தது: பெட்ரோல் 1 லிட்டர்.

பம்பரம் ஹெல்மெட்டுக்குள் சிரித்தான்.

அதன் பிறகு பத்து சுற்றுகள் அவன் ஓட்டியது பஸ் டிரைவர் மகன் ஓட்டம். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் காலை எடுத்து, உருட்டி, மெதுவாகத் திருப்பி. பின்னால் கொக்குவும் மரியாதையாக அதே வேகத்தில் வந்தான். நாற்பத்தெட்டாவது சுற்றில் மேஸ்திரி மறுபடி தூக்கியபோதுதான் எதிரணியில் யாரோ அந்தப் பலகையைப் பார்த்தார்கள். கொக்குவின் எஞ்சின் அலறியது. கடைசி இரண்டு சுற்றில் மூன்றரை விநாடியை அவன் பிடித்துவிட்டான். கட்டம் போட்ட கொடியின் கீழே பம்பரத்துக்கும் அவனுக்கும் நடுவில் அரை விநாடிதான். ஆனால் பம்பரம் முன்னால் இருந்தான்.

மிச்சம் பிடித்த பெட்ரோல் தொள்ளாயிரம் கிராம். இன்னும் அறுநூறு வேண்டும். அது தடத்தின் ஓரத்தில் கிடந்தது.

ஓடும் டயரிலிருந்து ரப்பர் துணுக்குகள் பிய்ந்துகொண்டே இருக்கும். கார்கள் போகும் பாதையில் அவை தங்காது. ஓரங்களில்தான் குவியும், கறுப்புப் பட்டாணிகளைக் கொட்டிவைத்த மாதிரி. பந்தயம் முடிந்து மெதுவாகத் திரும்பி வருகிற சுற்றில் ஓரமாகப் போனால், சூடான டயர் அந்தத் துணுக்குகளைப் பசைபோல ஒட்டிக்கொள்ளும். எல்லா ஓட்டுநர்களும் கொஞ்சம் பொறுக்குவார்கள், விதியில் அதற்குத் தடையில்லை. அதோடு, கொடி விழுந்த பிறகு யாரும் யாரையும் முந்தக்கூடாது. ஆகவே ஜெயித்தவனுக்குத்தான் முதல் அறுவடை.

ரசிகர்கள் எழுந்து நின்று கத்தினார்கள். ஜெயித்தால் பம்பரம் காரை நின்ற இடத்திலேயே நாலு சுற்று சுற்றிப் புகை கிளப்புவான், அதைப் பார்க்கத்தான் பாதிப் பேர் வருவார்கள். அக்கா இப்போது ரேடியோவிலேயே பேசினாள்.

“சுத்தாத. டயர் எரிஞ்சா எடை போச்சு. கையை வெளிய நீட்டி ஆட்டாத. ஓரமாவே வா, நடைவேகத்துல வா.”

இரண்டு முறை சாம்பியன், மூன்றாவது பட்டத்தை நோக்கி, விறகு பொறுக்கப் போகிறவன்போல் ஓரம் ஓரமாக ஊர்ந்தான். இடது ஓரத்தில் குறைந்தால் வலது ஓரத்துக்குப் போனான். பின்னால் வந்த கொக்கு, தனக்கு ஒன்றும் மிச்சமில்லாமல் தடம் சுத்தமாவதைப் பார்த்து, கையை உயர்த்தி ஏதோ சொன்னான். வாழ்த்தாக இருக்க வாய்ப்பில்லை.

“அக்கா, அழுதுடுவேன் போலிருக்கு.”

“அழறதுன்னா ஹெல்மெட்டுக்குள்ளயே அழு. பஞ்சு உறிஞ்சிக்கும், எடை போகாது.”

எடை மேடை என்பது நான்கு சக்கரத்துக்கு நான்கு தட்டு, பக்கத்தில் ஒரு சின்னத் திரை. எடைக்காரர் அவசரமே தெரியாத மனிதர். காரைத் தள்ளிக்கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார். ஒரு சக்கரம் தட்டின் விளிம்பில் நின்றது, மறுபடி தள்ளச் சொன்னார். பம்பரம் உள்ளே மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காற்றுக்கு எடை உண்டா என்று அந்த நேரத்தில் யாராவது கேட்டிருந்தால் உண்டு என்று சத்தியம் செய்திருப்பான். திரையில் எண்கள் துள்ளி அடங்கின.

எண்ணூறு, புள்ளி, ஒன்று.

கொக்குவின் அணித்தலைவர் மறுபடி போடச் சொன்னார். போட்டார்கள். எண்ணூறு புள்ளி ஒன்று. மூன்றாவது முறை எடைக்காரரே தன் திருப்திக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு கொக்கு குனிந்து, பம்பரத்தின் முன் டயரிலிருந்து ஒரு துணுக்கைப் பிய்த்து எடுத்தான். “இது எனக்கு வரவேண்டியது” என்றான். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

டாக்டர் ஒரு ஓரமாகக் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். மூன்றாவது பட்டத்துக்கு வாழ்த்துச் சொன்னார். அதே மூச்சில், அடுத்த சீசனின் முதல் இரண்டு பந்தயங்களுக்கு சீட் கிடையாது என்றும், இனிமேல் எடை போடும்போது உள்ளுடையும் கூடாது என்றும் சொன்னார். மாற்று ஓட்டுநர் பின்னாலிருந்து சிரித்தான். பம்பரம் தலையை ஆட்டினான்.

கூட்டம் கொஞ்சம் கலைந்ததும் அக்காவிடம் வந்தான். பெல்ட் அவள் மேசைமேல் சுருண்டு கிடந்தது. நல்லவேளை மறந்துபோனேன் என்று அவனாகவே ஆரம்பித்தான். ஆமாம், போல்ட் போடாத ஈயத்தோடு ஓட்டுவது விதிப்படி குற்றம், உடம்பில் கட்டியிருந்தாலும் குற்றம்தான், அதைக் கட்டிக்கொண்டு ஜெயித்திருந்தால் பட்டம் அப்போதே போயிருக்கும் என்றாள் அவள். இரண்டு பந்தயம் உட்கார்ந்து பார்க்கும்போது இதையெல்லாம் நிதானமாகப் படி என்று விதிப்புத்தகத்தை அவன் பக்கம் தள்ளினாள்.

“அந்த உடைஞ்ச குரல் நடிப்புத்தானே?”

“கொக்கு காதுல விழணும்ல.”

“சரி, அதுக்கு ஈயம், கிலோ எல்லாம் சொல்ல வெச்ச. ஜட்டியைக் கூடவா ஊர் கேக்கணும்? அது எதுக்கு?”

அக்கா திரைகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தாள். ஐந்தாவதை அணைத்த பிறகுதான் அவனைப் பார்த்தாள்.

“அது, ஷேவ் பண்ணினேன்னு சொன்னியே, அதுக்கு.”